உள்ளே இருந்து வந்த சேலை

“பாரிஸ், மிலான் எல்லாம் இன்னிக்குப் போதும். நம்ம ஊர் கேஸ் ஒண்ணு பார்ப்போம். சுகாசினி, வாம்மா!”

பாரிஸ் ஏதோ தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருப்பதுபோலத்தான் பேராசிரியர் ராம்ப்ரஸாத் எப்போதும் பேசுவார். ஃபேஷன் பிசினஸ் வகுப்பில் அவர் தேர்ந்தெடுக்கும் கேஸ் ஸ்டடி மும்பைப் போட்டிக்குப் போகும். எழுதியவரும் கூடவே போகலாம். சுகாசினி வீட்டிலோ வாலாஜாபாத்தைத் தாண்டினாலே வெளியூர்ப் பயணம். எப்படியாவது மும்பையைப் பிடித்துவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள்.

“தலைப்பு, ‘எல்லாம் தெரிஞ்ச கஸ்டமருக்கு விற்பது எப்படி?’ எங்க அப்பா பட்டுக்கடை வெச்சிருக்காரு சார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கினு வந்தேன்.”

“ஆஹா!” ராம்ப்ரஸாத் மேஜையைத் தட்டினார். “இந்த ரகம் எல்லா ஊர்லயும் உண்டு. படிச்ச முட்டாள்! எழுதிக்கோங்க எல்லாரும். இவனுக்குச் சரக்கை விக்க வேணாம், பாராட்டை வித்தாலே போதும்.”

வகுப்பு பேனாவை எடுத்தது. சுகாசினிக்குத் தெம்பு வந்தது.

“கரெக்ட் சார், அதேதான் நடந்துது! போன ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்தாரு. முந்தியில பட்டு நூலை உருவி, கொளுத்தி, மோந்து பார்த்தாரு. ‘என்னை யாரும் ஏமாத்த முடியாது’ன்னாரு. எங்க அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, ‘உங்கள மாதிரி விஷயம் தெரிஞ்சவங்களுக்கு வெளியில அடுக்கினதைக் காட்டுனா எனக்குத்தான் அசிங்கம். பாலாஜி, உள்ளே இருக்குதே, அத எடுத்துக்கினு வாப்பா’ன்னாரு.”

“ரேர் பீஸா?” என்றது கடைசி பெஞ்சு.

“கத்திரிப்பூ கலரு, கிளிப்பச்சை பார்டரு. அசல் பட்டுதான். ஆனா மூணு தீபாவளியா அத ஒருத்தரும் சீண்டல! அந்த மனுசன் பேரம்கூடப் பேசல. ‘இதைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணு வேணும்’னு சொல்லி வாங்கிக்கினு போனாரு. அன்னிக்குச் சாயங்காலம் அப்பா கடைத்தெரு முழுக்க போண்டா வாங்கிக் குடுத்தாரு சார்!”

பெஞ்சுகள் அதிர்ந்தன. யாரோ விசிலே அடித்தார்கள். ராம்ப்ரஸாத் கையை உயர்த்தினார். ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் அவர் யாரையும் விட்டதில்லை.

“எல்லாம் சரி. வித்ததுக்கு அப்புறம்? அங்கதான் உன் கேஸ் வீக். நாளைக்கு அந்த ஆள் சேலையோட வந்து நின்னா, கடையோட பாலிசி என்ன?”

சுகாசினி அசரவில்லை. “கசங்காம கொண்டாந்தா அப்பா மறுபேச்சு இல்லாம மாத்திக் குடுப்பாரு சார். ஆனா ஃபால்ஸ் தைச்சிட்டா முடிஞ்சுது. அப்புறம் அவங்களேதான் கட்டிக்கணும்.”

“ம்... பிரேக்!” என்றார் ராம்ப்ரஸாத். முடிவைச் சொல்லாமலே வெளியே போய்விட்டார்.

மும்பை கைநழுவிப் போகிறதோ என்று சுகாசினி பின்னாலேயே ஓடினாள். வராந்தாவின் கோடியில், சுவரைப் பார்த்தபடி, செல்போனும் காதுமாக நின்றுகொண்டிருந்தார் பேராசிரியர்.

“மரகதம், ஃபால்ஸ் தைக்கக் குடுத்துட்டியா?... இன்னும் இல்லையா? தொடாதே! மடிப்பு கலையாம அப்படியே வை... ஆமாம்மா, நீ அன்னிக்கே சொன்னே, கலர் நல்லா இல்லேன்னு. நீ சொன்னதுதான் சரி, போதுமா?”

திரும்பியவர் சுகாசினியைப் பார்த்தார். தொண்டையைச் செருமி, பாரிஸ் குரலை வரவழைத்துக்கொண்டார்.

“உன் கேஸ்தான் மும்பைக்குப் போகுது. ஒரே ஒரு திருத்தம், அந்தக் கஸ்டமர் ஒரு டாக்டர்னு எழுதிடு.”