நாலும் பித்தளை

பழைய பெட்ரோல் பம்பைக் கண்டால் சென்னியப்பனுக்குக் கை பரபரக்கும். எந்தப் பாகம் அசல், எது வேறு மெஷினிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். அந்த வித்தையை வைத்து நாலு பேரிடம் நல்ல பெயர் வாங்கியிருக்கலாம். அவன் திருடப் போனான்.

வேலை சுலபம். காக்கிச் சட்டை, ரசீதுப் புத்தகம், எடை அளவு இன்ஸ்பெக்டர் என்கிற மிடுக்கு. பங்க்கில் போய் இறங்கி, அசல் பித்தளைப் பாகத்தைத் தட்டி, "இது இந்த மெஷினோடது இல்லை" என்று பறிமுதல் செய்துகொள்வான். பதிலுக்குப் புது இரும்புப் பாகத்தைத் தன் கையாலேயே மாட்டியும் கொடுப்பான். இரக்கமெல்லாம் இல்லை. பம்பு நின்றால் புகார் போகும். புகார் போனால் நிஜ இன்ஸ்பெக்டர் வந்துவிடுவாரே.

பழம்பொருள் வியாபாரத்துக்காக இந்தப் பித்தளையை வாங்கும் பம்பாய் சேட்டு, ஒன்றோடொன்று பொருந்துகிற முழு செட் கொண்டுவந்தால் கேட்ட விலை என்று ஆசை காட்டியிருந்தார். நான்கு மாதம் நாயாய் அலைந்தும் ஒரு பம்பில் ஒரு பாகத்துக்கு மேல் அசல் தேறவில்லை.

1974 சித்திரையில் கோவிந்தாபுரம் பங்க்கில் காரை நிறுத்தியவனுக்கு மூச்சே நின்றுவிட்டது. கரண்ட் பம்புக்குப் பக்கத்தில், தலையில் கண்ணாடிக் குடுவையோடு ஒரு கைப்பம்பு. கைப்பிடி, அளவு காட்டும் முள், பெயர்த் தகடு, குழாய் மூக்கு நான்கும் பச்சைக் களிம்பேறிய பித்தளை. நான்கும் ஒரே வார்ப்பு. விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான்.

"ஏனுங்கம்மா, கண்ட மெஷின் சாமானையும் மாட்டி வெச்சிருக்கீங்க?"

பங்க்கை நடத்தும் கமலாத்தாள் பதறிக்கொண்டு வந்தாள். "எல்லாம் எங்க மாமனார் காலத்துச் சாமானுங்க சார். கரண்டு போச்சுன்னா இந்தப் பம்புதானுங்க சோறு போடுது."

"நாலும் நாலு மெஷினோடது. அளவு எப்படிச் சரியா வரும்? பங்க்கையே சீல் வெக்கோணும்."

"அப்படிப் பண்ணிப் போடாதீங்க. வேணும்னா நாலையும் எடுத்துக்குங்க. ஆனா, அப்புறம் பம்பு எப்படிங்க ஓடும்?"

"கவர்மெண்டு சாமான் மாட்டித் தர்றேன்."

"அப்படியே உள்ளாற இருக்கற தோல் வாஷரையும் ஒரு பார்வை பாத்துருங்க."

கொளுத்துகிற வெயிலில் ஒரு மணி நேரம் திருகினான், மாட்டினான், எண்ணெய் விட்டான். இவ்வளவு சந்தோஷமாக அவன் வாழ்நாளில் உழைத்ததில்லை. கடைசியில் கைப்பிடியைச் சுற்றியதும் பெட்ரோல் சிவப்பாகக் குடுவையில் ஏறியது. கமலாத்தாள் அதையே பார்த்தபடி நின்றாள். கண்ணில் நீர் தளும்பியது. மாமனார் ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்தான். மனசு கேட்காமல் ரசீதில் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுக் கொடுத்தான்.

கார் கண்ணுக்கு மறைந்ததும் பக்கத்துப் பாத்திரப் பட்டறையிலிருந்து குப்பண்ணன் எட்டிப் பார்த்தார்.

"நாலையும் கொண்டு போயிட்டானுங்களா, அம்மிணி?"

"ஒண்ணு விடலீங்ணா."

"கண்டுபுடிச்சுருவானோன்னு கதவு மறைவுலயே நின்னுட்டிருந்தனுங்க."

"கொல்லங்கோட்டுப் பங்க்கு மாரப்பண்ணன் சொன்னது நெசந்தான். பழசை எடுத்துட்டுப் புதுசு மாட்டித் தர்றான். கம்பெனிக்கு மூணு வருசமா எழுதியும் ஒரு வாஷர் வரலை." கமலாத்தாள் கைப்பிடியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். பெட்ரோல் ஏறுவதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏனுங்ணா, முப்பத்தஞ்சு வருசம் ஓடுன பம்புல நாலு சாமானும் ஒண்ணாட்டமா இருக்கும்? அது தெரியலியே இவனுக்கு."

பம்பில் மிச்சமிருந்த அசல் பித்தளைப் பாகங்கள் மூன்று வருஷத்துக்கு முன்பே உருகி, கமலாத்தாளின் மூத்த மகள் கல்யாணச் சீரில் அண்டாவாகப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தன. சென்னியப்பன் காரில் வைத்துக் கொண்டுபோனது, போன மாதம் குப்பண்ணன் வார்த்து, களிம்பேறப் பதினைந்து நாள் எருக்குழியில் புதைத்து எடுத்தது.