கேமராப் புள்ளி

சிங்கப்பூரில் வீட்டுவேலை செய்யும் ரோசெல், ஞாயிற்றுக்கிழமை வெயில் பாதத்தைச் சுட, மாடிப்படியில் அமர்ந்திருக்கிறாள். கைப்பேசித் திரையில், சொந்த ஊரான இலோய்லோவில் இருக்கும் ஆறு வயது மகள் லிகாயா பாட்டில் மூடியைச் சுழற்றிக்கொண்டிருக்கிறாள். யார் கண்ணையும் நேராகப் பார்க்காத குழந்தை. கண்ணைப் பார்க்கத் தினமும் பழக்கச் சொல்லியிருக்கிறார் பயிற்சி டீச்சர். “ஒரே ஒரு தடவ அம்மா கண்ணப் பாரு தங்கம்.” ரோசெல் கெஞ்சுகிறாள். மகள் ஓரக்கண்ணால் திரையைத் தொட்டுவிட்டு மூடிக்கே திரும்புகிறாள். “நீயும்தான் என்னப் பாக்கல. கீழயே பாக்குற,” என்கிறாள் மகள். திரையிலுள்ள மகள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மகளின் திரையில் தன் கண்கள் தாழ்ந்தே தெரிவது ரோசெலுக்கு இப்போதுதான் உறைக்கிறது. பார்வையை உயர்த்தி, கைப்பேசியின் மேல்விளிம்பில் இருக்கும் கேமராப் புள்ளியில் நிறுத்துகிறாள். மகளின் முகம் மங்கிப்போகிறது. “இப்பப் பாக்குறியா கண்ணு?” மகள் பக்கம் எங்கோ சேவல் கூவுகிறது. மகள் பார்க்கிறாளா என்பது கண்ணைத் தாழ்த்தினால்தான் தெரியும். தாழ்த்த மனமில்லாமல், கண்ணீர் வழிய அந்தக் கருப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.