நீச்சல் தெரிஞ்சவங்க கை தூக்குங்க

"நீச்சல் தெரிஞ்சவங்க மட்டும் கை தூக்குங்க," என்றான் படகுக்காரன்.

கடலைப் பார்த்தபோது வராத குளிர் மணிவேலுக்கு அப்போது வந்தது.

சாத்தனூர் அணையை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தியவன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். முதலையே ஒதுங்கி வழி விட்டதாம். திருவண்ணாமலையில் கடலா இருக்கிறது, எவன் சோதிக்கப் போகிறான் என்ற தைரியம்தான். உண்மையில் அவன் இறங்கிய ஆழம் பாத்ரூமோடு சரி.

அந்த வாயை நம்பித்தான் ஆபீஸில் குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் படகுச் சவாரி போக வேன் பிடித்துவிட்டார்கள்.

நீச்சல் தெரிந்தவர்களுக்கு ஆளுக்கொரு சின்னத் துடுப்புப் படகு, தெரியாதவர்கள் படகுக்காரனோடு பெரிய படகு. ஆபீஸில் பக்கத்து சீட்டு அப்பாசாமி இவனையே பார்த்துச் சிரித்தார். கை தூக்கினால் உயிர் போகும், தூக்காவிட்டால் மானம் போகும். மணிவேல் மானத்தைக் காப்பாற்ற முடிவு செய்தான். கை பாதி தூரம் போய்விட்டது.

அதை வெடுக்கென்று கீழே இழுத்தாள் மனைவி வினோதினி.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. என்னை விட்டுட்டு நீங்க தனியா போகாதீங்க."

அழுதுவிடுவாள் போலிருந்தது. பாவம் மணிவேல், இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியைக் கட்டிக்கொண்டானே என்று நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள்.

மணிவேல் மனசுக்குள் அண்ணாமலையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு, வெளியே எகிறினான். இவளைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டையில்கூட இறங்க முடியவில்லை என்று பெரிய படகில் ஏறும்வரை திட்டினான். வினோதினி தலையைக் குனிந்துகொண்டாள். லைஃப் ஜாக்கெட் மாட்டி பக்கிளைப் போட்டுவிட்டார்கள். படகுக்காரன் அந்தப் பக்கம் திரும்பியதும் மணிவேல் தன் பக்கிளைக் கழற்றிவிட்டான். அணையை நீந்தியவனுக்குப் பக்கிள் என்ன கேடு?

திரும்பி வரும்போது கரைக்குப் பக்கத்தில் ஒரு அலை படகைப் புரட்டியது. மற்றவர்கள் ஜாக்கெட்டோடு மிதந்தார்கள். மணிவேலின் ஜாக்கெட் மட்டும் தனியாக மிதந்தது.

மூக்கெல்லாம் உப்பு. செத்தோம் என்று நினைத்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை அவன் தாடையைத் தாங்கிப் பிடித்து, பதறாமல் கரைக்கு இழுத்து வந்தது. கண்ணைத் திறந்தால் வினோதினி.

எல்லாரும் ஓடி வந்தார்கள். அவள் சட்டென்று அவன் தோளில் சாய்ந்து நடுங்க ஆரம்பித்தாள். "இவர் மட்டும் பிடிக்கலைன்னா நான் போயிருப்பேன்," என்றாள். அப்பாசாமியே கைதட்டினார்.

கூட்டம் கலைந்ததும் மணிவேல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான். "உனக்கு நீச்சல் தெரியுமா?"

"எங்க ஊரு அடி அண்ணாமலையில, எங்கப்பா கிணத்துல கத்துக்கிட்டது. உங்களுக்குத் தெரியாதுன்னு கல்யாணமான மறுவாரமே உங்கம்மா சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு அவ்ளோ பயந்த?"

"அது உங்க பயம்ங்க. உங்களால வெளிய சொல்ல முடியாதேன்னு, நான் சொன்னேன்."