மூன்றாவது ஜன்னல்

லண்டனிலிருந்து வந்த களைப்போடு மகனின் விடுதிப் பள்ளி வாசலில் காரை விட்டு இறங்கியதும், ஹெஸ்டர் பழக்கதோஷத்தில் மேல்மாடியின் மூன்றாவது ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள். அசைத்த பிறகுதான் நினைவு வந்தது, நைஜல் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளையைப் போன மாதம் விஷக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

விடுதிப் பிள்ளைகளைக் கவனிக்கும் மேட்ரன் மிஸ் டாட் அவனுடைய பெட்டியைத் தயாராக வைத்திருந்தாள்.

"எல்லாம் துவைச்சு வச்சிருக்கேன் மேடம். ஞாயித்துக்கிழமை போடற கால்சட்டையில மட்டும் முட்டிச் சேறு போகவே இல்ல."

"இருக்கட்டும். அவன் ஜன்னலை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை வந்துட்டு நான் கிளம்பறப்பல்லாம் அங்கேர்ந்துதானே கையாட்டுவான்!"

மிஸ் டாட் தயங்கினாள். பிறகு மாடிக்கு அழைத்துப் போனாள். அந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது.

"அது பொய் ஜன்னல் மேடம். முகப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு, இந்த மாளிகையைக் கட்டின பிரபு வெளிச்சுவர்ல வரைஞ்சு வச்சுட்டார்."

ஹெஸ்டர் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"மூணாவது ஜன்னலையே பாத்துட்டுப் போம்மான்னு அவன்தான் சொன்னான். தூரத்துல எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. இருக்கான்னு நம்பிக் கையாட்டினேன். இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம்னு எவ்வளவு கெஞ்சினான்! நாந்தான் கேக்கல. கடைசி வரைக்கும் என்னை மன்னிக்கல போல. என்னைச் சுவருக்குக் கையாட்ட விட்டுட்டான்."

அவள் உடைந்து அழுதாள். தாங்கக்கூடிய அழுகையாக அது இல்லை.

பெட்டியைக் காரில் ஏற்றிய மிஸ் டாட், "கொஞ்சம் நடந்து வாங்க மேடம்" என்றாள்.

கார்ப் பாதை திரும்பும் இடத்தில் புல்வெளி சட்டென்று பள்ளமாக இறங்கியது. ஆடுகள் வீட்டுப் பக்கம் வராமலிருக்க வெட்டியது. வேலி போட்டால் மாளிகையின் அழகு கெட்டுவிடுமாம் பிரபுவுக்கு! கிட்டே வந்து குனிந்து பார்த்தாலொழிய அது கண்ணில் படாது.

இத்தனை முறை அதை ஒட்டியே போயும் ஹெஸ்டர் கவனித்ததில்லை. உள்ளே ஒரே சேறு.

"இங்க எவனாவது அழுதா மத்த பசங்க ஓட்டித் தள்ளிடுவாங்க. அவன் அழறதை நீங்க பாத்துட்டாலோ, கிளம்பவே மாட்டீங்களாம். ரெண்டு தடவை அவனைக் காதைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போனேன். அப்புறம் எனக்கே மனசு வரல."

"என்ன சொல்றீங்க மேட்ரன்?"

"நீங்க மாடியைப் பாத்துட்டே போவீங்க. அவன் இந்தப் பள்ளத்துல மண்டி போட்டு, உங்க மொகத்தையே பாத்துட்டு இருப்பான்."