ஐந்து பேருக்கு மட்டும்

பழைய வண்டியின் பின்கதவைக் கட்டிக்கொண்டு விர்யோனோ குலுங்கிக் குலுங்கி அழுதார். ஏழு பேர் உட்காரும் அந்தப் பெரிய எஸ்யூவியை வாங்க வந்தவருக்கே மனசு கேட்கவில்லை. “வேணும்னா நீங்களே வச்சுக்குங்க சார்” என்றார்.

“ஐயையோ, எடுத்துட்டுப் போயிடுங்க!” என்று சாவியை அவர் கையில் திணித்தார் விர்யோனோ. கண்ணில் வழிந்தது துக்கமல்ல, தைலம். மனைவி லெஸ்தாரி ஞாயிறுதோறும் தன் தம்பியின் ஸ்கூட்டரில் பெண்கள் உடற்பயிற்சிக்குப் போய்வரத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு இடது கால் மட்டும் குடைகிறதாம். மூன்று மாதமாக வீட்டில் எங்கே கை வைத்தாலும் தைலப் புட்டிதான்.

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் பெட்ரோல் விலையையும் தாங்கள் குடியிருக்கும் பெகாசி நகரத்துச் சந்துகளின் அகலத்தையும் சொன்னார். உண்மையான காரணம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் தார்ஜோ. லெஸ்தாரியின் தம்பி, கல்யாணமாகாதவன்.

நோன்புப் பெருநாளுக்குச் சொந்த ஊரான வோனோகிரிக்குத் திரும்பும் இருபது மணி நேரமும் தார்ஜோ பின்னால் உட்கார்ந்து, ஊரே நாறும் டுரியான் பழம் தின்பான். பயணிக்கு நோன்பில் சலுகை உண்டு. அவன் அந்தச் சலுகையைத் தெருமுனையிலேயே எடுத்துக்கொள்வான். போன வருஷம் சோதனைச் சாவடியில் ஜன்னலை இறக்கியதும் போலீஸ்காரர் லைசென்ஸ்கூடக் கேட்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு தானே தடுப்பை இழுத்து வழி விட்டார்.

மற்றபடி அந்தப் பயணம்தான் விர்யோனோவுக்கு வருஷத்தின் ஒரே பெருமை. பதினோரு வருஷமாக ஸ்டீயரிங்கை வேறொருவர் தொட்டதில்லை. வழியில் இரண்டே நிறுத்தம். மாமியார் கெஞ்சினாலும், “நிறுத்துனா நம்ம எடத்துல வேற வண்டி பூந்துடும் அத்தை, கொஞ்சம் அடக்குங்க” என்பார். ஊர் எல்லையில் மூன்று முறை ஹாரன் அடிப்பார். மொத்தத் தெருவும் ஓடிவரும்.

புது வண்டிக் கடையில் விற்பனைப் பெண், “இதே விலையில, சின்ன வண்டியிலயே மூணாவது வரிசை வச்சது இருக்கு சார்” என்றாள்.

“மெதுவாப் பேசும்மா!” லெஸ்தாரி பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “அஞ்சு பேருக்கு மேல ஈகூட உக்கார முடியாத வண்டியாக் காட்டு.”

காட்டினாள். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் தானே ஏறி மடங்கி உட்கார்ந்து பார்த்தார். அங்கே ஆள் உட்கார முடியாது என்பது உறுதியாயிற்று. அவரை வெளியே எடுக்க இரண்டு பேர் வரவேண்டியிருந்தது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

“நாம ரெண்டு பேர், ரெட்டைப் பொண்ணுங்க, அம்மா, தம்பி. ஆறு பேராச்சே?” என்றாள் லெஸ்தாரி.

“அடடா, ஆமால்ல!” நெற்றியில் தட்டிக்கொண்டார். “என்ன பண்றது, ஒருத்தர் வீட்டுல இருந்துதான் ஆகணும். கூண்டுல புறா வேற இருக்கு, தீனி வைக்க ஆள் வேணும்ல? யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. நான் யாரையும் கைகாட்ட மாட்டேன்பா.”

லெஸ்தாரி அவரையே ஒரு கணம் பார்த்தாள். “சரிங்க, பேசிக்கிறோம்” என்றாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று விர்யோனோ கனவிலும் நினைக்கவில்லை.

புறப்படும் நாள் விடிந்தது. புது பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு வெயில் கண்ணாடியைத் தேடினார், காணோம். ஆணியில் சாவியையும் காணோம். வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

தார்ஜோ வழியனுப்ப வந்து வண்டியைச் சூடாக்கி வைத்திருக்கிறான் போலும் என்று பூரித்துப்போய் வெளியே வந்தார். பின்ஜன்னலில் இரண்டு மகள்களுக்கும் நடுவே, மடியில் டுரியானோடு தார்ஜோ. முன்பக்கத்துக் கறுப்புக் கண்ணாடிக்குள் மாமியாரின் முக்காடு நிழலாகத் தெரிந்தது.

விர்யோனோ பின்ஜன்னலைப் படபடவென்று தட்டினார். “டேய், எங்கடா உங்கக்கா? அவ எடத்துல நீ உக்காந்துகிட்டு, அவளைப் புறாவுக்குத் தீனி வைக்க விட்டுட்டு வர்றியா? கூடப் பொறந்தவளுக்கே துரோகமா?”

“அக்காதான் அத்தான் உக்காரச் சொன்னா.” தார்ஜோ ஒரு சுளையை நீட்டினான். “சாப்புடுறீங்களா?”

“எறங்குடா கீழ!”

“கத்தாதீங்கப்பா” என்றாள் மகள்களில் ஒருத்தி, மாமாவுக்கு வசதியாக நகர்ந்து உட்கார்ந்தபடி. “நீங்கதானே அஞ்சு பேருக்குன்னு பாத்துப் பாத்து வாங்குனீங்க?”

முன்பக்கமிருந்து மாமியார் குரல் கேட்டது. “இந்தத் தடவையாச்சும் கேட்ட எடத்துல நிறுத்துவியாடி?”

“நீ சொல்ற எடத்துல எல்லாம் நிறுத்துறேம்மா.”

விர்யோனோ வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி மெல்ல இறங்கியது. அவருடைய வெயில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லெஸ்தாரி உட்கார்ந்திருந்தாள். குடைந்துகொண்டிருந்த அந்த இடது கால் கிளச்சின்மேல் பதமாக இருந்தது.

“ஞாயித்துக்கெழமை... உடற்பயிற்சின்னியே?” ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இதுவும் உடற்பயிற்சிதாங்க. தம்பிதான் வாடகைக் காருல ஓட்டச் சொல்லிக்குடுத்தான்.”

மூன்று முறை ஹாரன் அடித்தாள். மொத்தத் தெருவும் எட்டிப் பார்த்தது. கியரைப் போட்டவள், எதையோ நினைத்துக்கொண்டவள்போலத் தலையை வெளியே நீட்டினாள்.

“புறாவுக்குத் தண்ணி மாத்த மறந்துடாதீங்க!”