மானுக்காக நின்ற ஜீப்

காட்டுப் பாதையோரம் மேய்ந்த புள்ளிமானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் சஃபாரி ஜீப்கள் வரும். "மான்தானே, புலி இருக்கிற பக்கம் போங்கண்ணே" என்று யாராவது சொல்வார்கள். வண்டி போய்விடும்.

"உனக்கெல்லாம் யாருடி பிரேக் போடுவா?" என்று அதன் முதுகிலிருந்த மைனா சிரிக்கும்.

அன்று ஒரு ஜீப் நின்றது. டிரைவர் என்ஜினையே அணைத்தார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவைத் தூக்கினார்கள்.

மைனா பதறிப் பறந்தது. "ஓடுடி! அவங்க பாக்குறது உன்னை இல்ல. உன் பின்னால, புதர்ல புலி!"

"ஏன், வயித்தெரிச்சலா?" என்றது மான்.

ஓடினால் படம் கலங்கிவிடுமே என்று கழுத்தை நன்றாக நிமிர்த்தி, வாழ்க்கையில் முதன்முறையாக அது அசையாமல் நின்றது.