பாய்துரா தாத்தாவின் கல்மேடு

"ஏத்துடா வண்டியை! முதல்ல என் மேல ஏத்து. அப்புறமா எங்க பாட்டன் மேல ஏத்தலாம்!"

கல்மேட்டுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள் அக்மாரல். அவளுக்குப் பின்னால், பால் பிடிக்கும் பருவத்தில் அவளுடைய கோதுமை. முன்னால் பண்ணைக் கம்பெனியின் தரிசு நிலம். டிராக்டரில் இருந்த தொலெகன் திருதிருவென்று விழித்தான்.

"நான் கூலிக்கு ஓட்டுறவன் அக்கா. என்கிட்ட ஏன் பாயறீங்க?"

காரிலிருந்து மேலாளர் எர்போல் இறங்கினான். அக்மாரலிடம் வாய் கொடுத்து யாரும் மீண்டதில்லை என்பது ஊருக்கே தெரியும். எர்போல் ஊருக்குப் புதிது, அல்மாத்தி நகரத்திலிருந்து போன மாதம்தான் வந்திருந்தான்.

"இந்தக் கல்லை வாரிட்டா நாலு மூட்டை கோதுமை கூடுதலா விளையும்மா. இப்ப மைனாதான் குடியிருக்கு. கத்துற கத்துல காது கிழியுது!"

உண்மைதான். கல் இடுக்குகளில் ரோஜா நிற மைனாக்கள் கூட்டம் கூட்டமாகக் குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளி ஊட்டிக்கொண்டிருந்தன.

"அதுங்க இருக்கப் போய்த்தான் என் வயல் பிழைச்சு நிக்குது. போன வருஷம் உங்க கம்பெனி மருந்தா அடிச்சுத் தள்ளுச்சே, வெட்டுக்கிளி வைக்கோலையாவது மிச்சம் வச்சுதா?"

"அதை விடுங்க. இங்க புதைஞ்சிருக்கிறது யாரு?"

"பாய்துரா. என் மாமனாரோட பாட்டன். ஏழு தலைமுறை பேர் தெரியாதவன் கசாக்கே இல்ல. எங்கே, உங்க ஏழு பேரையும் சொல்லுங்க, கேட்போம்!"

எர்போல் நாலாவது பெயரில் திக்கி நின்றுவிட்டான்.

தொலெகன் சாவியை உருவிக்கொண்டு கீழே குதித்தான். "ஆளை விடுங்க ஐயா. பாய்துரா தாத்தாவைத் தாண்டும்போது எங்கப்பாவே குதிரையை விட்டு இறங்கிடுவாரு. கல்லறை மேல வண்டி ஏத்தினா என் குடும்பம் விளங்குமா?"

எர்போலின் முகம் வெளுத்தது. நகரத்தில் வளர்ந்தாலும் பயம் பயம்தானே! மேட்டைப் பார்த்து இரு கைகளையும் ஏந்தி, ஏதோ பிரார்த்தனை முணுமுணுத்து, முகத்தைத் தடவிக்கொண்டான்.

"மன்னிச்சிருங்கம்மா. இனி யாரும் இதைத் தொட மாட்டாங்க."

கார் கிளப்பிய புழுதி அடங்கும்வரை இருவரும் பயபக்தியோடு தலைகுனிந்து நின்றார்கள்.

பிறகு தொலெகன் மெல்ல நெருங்கி வந்தான்.

"அக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி மைனாவுக்காக நாம இங்க கொட்டினோமே, அந்தக் கல்லுல இன்னும் ரெண்டு வண்டி மிச்சமிருக்கு. ஆத்தங்கரை வயல்ல ஒரு பாட்டியையும் புதைச்சிரலாமா?"